எரிவது பாதம், நெரிபடுவது வேறிடம்

(பொதுமக்களுக்கான மருத்துவச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பாதத்தில் கோளாறு என்றால் நம் வீடுகளில் மூன்று தீர்ப்புகள் தயாராக இருக்கும். குதிகால் வலித்தால், 'எலும்பு வளர்ந்திருக்கு.' உள்ளங்கால் எரிந்தால், 'சுகர்தான், வேற என்ன?' மரத்துப்போனால், 'நரம்புத் தளர்ச்சி, சத்து ஊசி போட்டா சரியாயிடும்.' மூன்றுமே சிலருக்குப் பொருந்தும். ஆனால் நான்காவதாக ஒரு காரணம் உண்டு. யாரும் அதை விசாரிப்பதில்லை. பாதத்துக்கு வரும் நரம்பு, வரும் வழியில் எங்கோ நெரிபடுவதுதான் அது.

நான் இன்று சொல்ல வந்தது ஒன்றுதான். நரம்பு நெரிபட்டால் வலி தெரியும் இடம் ஒன்று, கோளாறு இருக்கும் இடம் இன்னொன்று. வலிக்கிற இடத்தில் தைலம் தேய்த்தாலும், அங்கேயே எக்ஸ்ரே எடுத்தாலும், அங்கேயே ஊசி போட்டாலும் விடை கிடைக்காது. விடைக்கு வழிகாட்டுவது நோயாளி சொல்லும் நான்கு சேதிகள். எந்த இடத்தில்? எந்த நேரத்தில்? என்ன செய்தால் கூடுகிறது? என்ன செய்தால் குறைகிறது? இந்த நான்கையும் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவர், பாதி நோயை அவரே கண்டுபிடித்துக் கொடுத்துவிடுகிறார்.

பேச்சை நிறுத்திவிட்டு ஒரு காரியம் செய்வோம். வலது காலைத் தூக்கி இடது தொடைமேல் போட்டுக்கொள்ளுங்கள். சபையில் கால்மேல் கால் போடலாமா என்று தயங்க வேண்டாம், அவைத் தலைவர் அனுமதி கொடுத்துவிட்டார். கணுக்காலின் உள்பக்கம் உருண்டையாக ஒரு எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது அல்லவா? குதிகாலுக்கு மேலே, பின்பக்கம், தடிப்பாக ஒரு தசைநாண் தெரிகிறது அல்லவா? இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். அங்கே இரண்டு விரல்களை மெதுவாக வையுங்கள். நாடி துடிப்பது தெரிகிறதா? தெரியாவிட்டால் விரலைச் சற்று முன்னே பின்னே நகர்த்திப் பாருங்கள். அந்தத் துடிப்பு, பாதத்துக்குப் போகும் ரத்தக்குழாய். அதை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால்தான் நம் கதாநாயகன் போகிறான். டிபியல் நரம்பு என்று பெயர்.

அவன் வருவது வெகுதூரத்திலிருந்து. முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் வேர்விட்டு, பிட்டத்தில் கிட்டத்தட்ட விரல் தடிமனுள்ள சயாட்டிக் நரம்பாகி, தொடை வழியே இறங்கி, முழங்காலுக்கு மேலே இரண்டாகப் பிரிகிறது. அதில் ஒரு கிளை கெண்டைக்கால் சதைக்குள் நுழைந்து இந்தப் பள்ளத்துக்கு வருகிறது. இங்கே வரும்போது தனியாக இல்லை. மூன்று தசைநாண்கள், ஒரு ரத்தக்குழாய், அதன் சிரைகள் எல்லாம் கூடவே வருகின்றன. கீழே எலும்பு. மேலே, கணுக்கால் எலும்பிலிருந்து குதிகால் எலும்புக்கு இழுத்துக் கட்டிய ஒரு கெட்டியான நார்ப்பட்டை. எலும்பும் விலகாது, பட்டையும் நெகிழாது. நடுவே எது வீங்கினாலும் நசுங்குவது நரம்புதான். இந்த இடத்துக்கு டார்சல் டனல் என்று பெயர். இங்கே நரம்பு நெரிபடுவதை 1962இல் அமெரிக்காவில் சார்லஸ் கெக், இங்கிலாந்தில் சைமன் லாம் என்ற இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே எழுதினார்கள். அதற்குப் பிறகுதான் இது ஒரு தனி நோயாக மருத்துவர்கள் கண்ணில் பட்டது.

பெரும்பாலும் இந்த இடத்திலேயே நரம்பு பிரிந்து போகிறது. ஒரு கிளை குதிகாலுக்கு. ஒன்று உள்ளங்காலின் உள்பாதிக்கு, அதாவது கட்டைவிரலிலிருந்து நான்காம் விரலில் பாதி வரைக்கும். மற்றொன்று மிச்சமுள்ள வெளிப்பாதிக்கு. ஆகையால் கணுக்காலில் நெரிபட்டால் எரிவது உள்ளங்கால். கணுக்கால் வலிக்காமலேகூட இருக்கலாம்.

எவ்வளவு நெரிபட்டால் நரம்பு தாங்காது? ஸ்வீடனில் பியோர்ன் ரிடெவிக்கும் அவர் கூட்டாளிகளும் முயலின் இதே டிபியல் நரம்பை வைத்து ஆராய்ந்து, 1981இல் வெளியிட்டார்கள். உங்களுக்கு பி.பி. பார்க்கிறோமே, அதே அளவுகோலில் சொல்கிறேன். 20 மில்லிமீட்டர் அழுத்தத்திலேயே நரம்புக்குள் இருக்கும் சின்னச் சிரைகளில் ரத்த ஓட்டம் குறைய ஆரம்பித்துவிடுகிறது. 80ஐ எட்டினால் நரம்புக்குள் ரத்தமே ஓடவில்லை. சாதாரண பி.பி. 120 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஆறில் ஒரு பங்கு அழுத்தம் போதும், நரம்பு முனக ஆரம்பித்துவிடும். கால்மேல் கால் போட்டு வெகுநேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறது, எழுந்து உதறினால் விறுவிறுவென்று உணர்ச்சி திரும்புகிறது. அழுத்தம் சீக்கிரம் விலகியதால் நரம்பு பிழைத்துக்கொண்டது. மாதக்கணக்கில் விலகாத அழுத்தம்தான் நோய்.

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும், நாற்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா வந்தார். உட்கார்ந்ததும் சொன்னது இது: "ராத்திரி படுத்தா உள்ளங்கால்ல மிளகாப்பொடி தேச்ச மாதிரி எரியுது டாக்டர். போர்வைய விலக்கி, காலைத் தரையில வச்சாத்தான் கொஞ்சம் தூக்கம் வருது." சர்க்கரை பார்த்தாயிற்று, இல்லை. எக்ஸ்ரேயில் குதிகாலில் முள் போல எலும்பு தெரிந்ததால் குதிகாலில் ஊசியும் போட்டாயிற்று, குறையவில்லை.

"எந்தக் காலும்மா?"

"இடது கால் மட்டுந்தான்."

"காலையில எழுந்து முதல் அடி வைக்கும்போது எப்படி?"

"காலையில தேவலாம் டாக்டர். கடையில நிக்க நிக்கத்தான் ஏறும். பண்டிகை சீசன்ல உயிர் போகும்."

இந்த இரண்டு பதில்களில் பாதி வழக்கு முடிந்துவிட்டது. சர்க்கரையால் வரும் நரம்புக் கோளாறு பொதுவாக இரண்டு கால்களிலும் ஒரே மாதிரி வரும். விரல் நுனியில் ஆரம்பித்து, காலுறை போட்டால் எந்த அளவுக்கு மூடுமோ அந்த அளவாக மேலே ஏறும். இந்த அம்மாவுக்கு ஒரு கால் மட்டும். குதிகால் சவ்வு வீங்கும் நோயில், காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் சில அடிகள்தான் உச்சம், நடக்க நடக்கக் கொஞ்சம் குறையும். இவருக்கு நேர் எதிர். அந்த எலும்பு முள்ளோ, வலியே இல்லாதவர்களின் எக்ஸ்ரேயிலும் சர்வசாதாரணமாகத் தெரிவது. அதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற அது மட்டும் சாட்சியாகாது.

கணுக்காலின் உள்பக்கத்தைப் பார்த்தேன். சிரைகள் நீலமாகப் புடைத்துச் சுருண்டிருந்தன. நீங்கள் இப்போது விரல் வைத்த பள்ளத்தில் விரல் நுனியால் லேசாகத் தட்டினேன். "அய்யோ, சுர்ருன்னு கட்டைவிரல் வரைக்கும் ஓடுது!" என்று காலை இழுத்துக்கொண்டார். பாதத்தை மேலே மடக்கி, வெளிப்பக்கம் திருப்பிச் சில விநாடிகள் பிடித்தபோதும் அதே எரிச்சல். தட்டியது கணுக்காலில், ஓடியது கட்டைவிரலுக்கு. இதைவிடத் தெளிவாக ஒரு நரம்பு தன் முகவரியைச் சொல்ல முடியாது.

இந்தத் தட்டிப் பார்க்கும் சோதனைக்கு ஒரு வரலாறு உண்டு. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915ஆம் ஆண்டு. குண்டடி பட்டு நரம்பு அறுந்த சிப்பாய்கள் மருத்துவமனைகளில் குவிந்துகிடந்தார்கள். அடிபட்ட நரம்பின்மேல் தட்டினால், அந்த நரம்பு போய்ச் சேரும் இடத்தில் சுரீரென்று உணர்ச்சி ஓடுகிறது, நரம்பு மறுபடி வளர்வதற்கு அது அடையாளம் என்று ஜெர்மனியின் பால் ஹாஃப்மன் எழுதினார். அதே ஆண்டு, அதே சேதியைப் பிரெஞ்சுக்காரரான ஜூல்ஸ் டினெல் எழுதினார். ஒருவருக்கொருவர் தெரியாது. அவர்கள் நாடுகள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்தன. உலகம் இன்று பெரும்பாலும் டினெல் பெயரையே சொல்கிறது. ஸ்கேன் மெஷின் இல்லாத காலத்துக் கண்டுபிடிப்பு, நூறு ஆண்டு தாண்டியும் எங்கள் விரல் நுனியில் இருக்கிறது. இது மட்டும் போதும் என்று சொல்ல மாட்டேன். நரம்பில் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் சோதனை, அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ. எல்லாம் தேவைக்கேற்பச் செய்கிறோம். ஆனால் மின்சோதனை இயல்பு என்று வந்தாலே நெரிசல் இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது.

டனலில் இடத்தை அடைப்பவை எவை? புடைத்த சிரைகள் ஒன்று. தசைநாண் உறையிலிருந்து கிளம்பும் நீர்க்கட்டி, கொழுப்புக்கட்டி, பழைய எலும்பு முறிவு கோணலாகக் கூடியது, முடக்குவாதத்தில் வரும் வீக்கம், தட்டைப் பாதம் என்று பட்டியல் நீளும். தட்டைப் பாதத்தில் குதிகால் வெளிப்பக்கம் சாய்வதால் நரம்பு இழுபடுகிறது. கர்ப்ப காலத்து நீர்க்கோவையும் தைராய்டு குறைவும்கூட இடத்தைச் சுருக்கும். சிலருக்கு எவ்வளவு தேடினாலும் தனிக் காரணம் கிடைப்பதில்லை.

அந்த அம்மாவின் விஷயத்துக்கு மருந்துச்சீட்டு மட்டும் போதாது. அவர் உட்கார வேண்டும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018இல் சட்டம் திருத்தியது, தமிழ்நாடு 2021இல் திருத்தியது. அந்த இருக்கை சலுகை அல்ல. மேடையில் நின்றுகொண்டு ஒரு மருத்துவனாகச் சொல்கிறேன், அது சிகிச்சை. இங்கே கடை முதலாளிகள் யாராவது இருந்தால், நாற்காலி வாங்கிப் போடுவதோடு, ஊழியர் அதில் உட்கார்ந்தால் முறைக்காமலும் இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து, பாதத்தின் முன்பகுதிக்கு வருவோம். மூன்றாம் விரலுக்கும் நான்காம் விரலுக்கும் இடையே எரிச்சல், செருப்புக்குள் கூழாங்கல் மாட்டிய உணர்வு, ஷூவைக் கழற்றி அந்த இடத்தைப் பிடித்துவிட்டால் நிம்மதி. இப்படிச் சொன்னால் நாங்கள் நினைப்பது மார்ட்டன் நியூரோமா. 1876இல் பிலடெல்ஃபியாவின் தாமஸ் மார்ட்டன் விவரித்ததால் அந்தப் பெயர். ஆனால் அவருக்கு 31 ஆண்டுகள் முன்பே, 1845இல், லண்டனில் லூயிஸ் டர்லாக்கர் இதை எழுதிவிட்டார். அவர் இங்கிலாந்து அரச குடும்பத்தின் கால் வைத்தியர். நியூரோமா என்றதும் கட்டி என்று பயப்பட வேண்டாம். அது புற்றுநோய் அல்ல, உண்மையான கட்டியும் அல்ல. விரல்களுக்குப் போகும் நரம்பு, முன்பாத எலும்புகளுக்கு இடையே நசுங்கி நசுங்கி, அதைச் சுற்றி நார்த்திசு தடித்துவிடுகிறது. முனை குறுகிய, குதி உயர்ந்த காலணி முக்கியமான தூண்டுதல். பெண்களுக்கு அதிகம் வருவது அதனால் என்றே கருதப்படுகிறது. முன்பக்கம் அகலமான, தட்டையான காலணிக்கு மாறினாலே பலருக்குப் பாதி குறைந்துவிடும். முன்பாதத்துக்கு ஒரு சின்ன மெத்தை வைக்கிறோம். வலிக்கிற இடத்துக்கு நேர்கீழே வைத்தால் வலி கூடும், அதற்குச் சற்றுப் பின்னால் வைத்தால்தான் எலும்புகள் விலகி நரம்புக்கு இடம் கிடைக்கும். அறுவை செய்து நரம்பை எடுத்தால், இரண்டு விரல்களுக்கு இடையே நிரந்தரமாக மரத்துவிடும் என்பதை முன்பே தெரிந்துகொண்டு சம்மதியுங்கள்.

மூன்றாவது நெரிசல் பாதத்திலேயே இல்லை, முழங்காலில் இருக்கிறது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம், ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றி, தோலுக்கு அடியிலேயே, காமன் பெரோனியல் நரம்பு ஓடுகிறது. எலும்புக்கும் வெளியுலகுக்கும் நடுவே அதற்குப் பாதுகாப்பு கிடையாது. பாதத்தை மேலே தூக்குவது அதன் வேலை. அது நசுங்கினால் பாதம் தொங்கிவிடும். செருப்பு தானாகக் கழன்று விழும், படியில் கால் தட்டும். குந்தி உட்கார்ந்தே வேலை செய்பவர்கள், எப்போதும் கால்மேல் கால் போடுபவர்கள், டயட் என்று சொல்லி மிக வேகமாக எடை குறைத்தவர்கள், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள் ஆகியோருக்கு இது வரும். குதிகால்மேல் உட்காரும் ஆசனத்தில் வெகுநேரம் இருந்து பாதம் தொங்கியதை 1971இல் ஒரு அமெரிக்க மருத்துவர் 'யோகா ஃபுட் டிராப்' என்றே எழுதினார். வஜ்ராசனம் செய்பவர்கள் பயந்து விட்டுவிட வேண்டியதில்லை. கால் மரத்தால் எழுந்துவிடுங்கள், வைராக்கியம் காட்டாதீர்கள், அவ்வளவுதான்.

பாதம் தொங்கினால் முதுகையும் பார்க்க வேண்டும். முதுகுத்தட்டு விலகி வேரில் நரம்பு நெரிபட்டாலும் பாதம் தொங்கும். அப்போது பெரும்பாலும் முதுகில் ஆரம்பித்து வலி கீழே இறங்கும், இருமினால் தும்மினால் கூடும், பாதத்தை உள்பக்கம் திருப்பும் வலுவும் குறையும். முழங்காலில் நசுங்கியவருக்கு அந்த வலு குறையாது. இந்தச் சின்னச் சோதனை பல பேருக்குத் தேவையில்லாத முதுகு ஸ்கேனை மிச்சப்படுத்தும்.

கணுக்காலுக்குப் பின்னே விரல் வைத்து நரம்பைத் தடவிப் பார்ப்பது தமிழ்நாட்டு மருத்துவத்துக்குப் புதிதல்ல. தொழுநோய்ப் பணியாளர்கள் கிராமம் கிராமமாகப் போய் இதைச் செய்தார்கள். தொழுநோய்க் கிருமிக்கு உடம்பின் குளிர்ந்த, தோலுக்கு அருகான இடங்கள் பிடிக்கும். டிபியல் நரம்பு கணுக்காலுக்குப் பின்னே தோலுக்கு அருகில் வருகிறது, கிருமி அங்கே வந்து நரம்பை வீங்க வைக்கிறது, வீங்கிய நரம்பு அந்த நெருக்கடியில் தன்னைத்தானே நெரித்துக்கொள்கிறது. அதனால் உள்ளங்கால் உணர்ச்சியை இழக்கிறது. 1914இல் கொல்லிமலையில் பிறந்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், இதன் விளைவை நேரில் பார்த்தவர். தொழுநோயாளிகளின் விரலும் பாதமும் சிதைவது கிருமி தின்பதால் அல்ல, வலி தெரியாமல் அவர்கள் காயப்பட்டுக்கொண்டே இருப்பதால்தான் என்று அவரும் அவர் சகாக்களும் எடுத்துக்காட்டினார்கள். அந்தப் பாதங்களைக் காக்க வேலூரிலும் கரிகிரியிலும் மென்ரப்பர் செருப்புகள் செய்தார்கள். இன்று சர்க்கரை நோயாளிக்கு நாங்கள் எழுதிக் கொடுக்கும் எம்.சி.ஆர். செருப்பு அந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

வேலூர் கற்றுக்கொடுத்த பாடம் நெரிசலுக்கும் பொருந்தும். எரிகிற நரம்பு உயிரோடிருக்கும் நரம்பு. நெடுநாள் எரிந்த பாதம் சிகிச்சை எதுவுமில்லாமல் ஒருநாள் அடங்கிப்போனால், 'தானா சரியாயிடுச்சு' என்று தேங்காய் உடைக்காதீர்கள். பஞ்சால் தொட்டால் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் நரம்பு தோற்றுக்கொண்டிருக்கிறது. இழை அறுந்த நரம்பு மறுபடி வளரும் வேகம், சுமாராக, நாளுக்கு ஒரு மில்லிமீட்டர். முழங்காலுக்குக் கீழே அறுந்தது கணுக்காலை எட்ட ஒரு வருடம் ஆகலாம். அதனால்தான் சீக்கிரம் வாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

சிகிச்சை என்றதும் எல்லோரும் கேட்பது ஆபரேஷனைப் பற்றித்தான். முதலில் அது அல்ல. காலணி மாற்றம், தட்டைப் பாதத்துக்கு வளைவைத் தாங்கும் இன்சோல், உட்கார்ந்து ஓய்வு, எடைக் குறைப்பு, தைராய்டையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது, சிலருக்கு ஒரு ஸ்டீராய்டு ஊசி. எரிச்சலைத் தணிக்க மாத்திரைகள் உண்டு. அவற்றால் தலைசுற்றலும் தூக்கமும் வரலாம், பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டைக் காட்டி வாங்காதீர்கள். சத்து ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை: பி12 உண்மையிலேயே குறைந்திருந்தால் அது அருமருந்து. மெட்ஃபார்மின் பல வருடம் எடுப்பவர்களுக்கும் சுத்த சைவர்களுக்கும் குறைய வாய்ப்புண்டு, ரத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம். குறையாதவருக்கு எத்தனை ஊசி போட்டாலும் இறுகிய பட்டை தளராது.

இவையெல்லாம் போதாதபோது அந்த நார்ப்பட்டையை வெட்டி இடம் தருகிறோம். நீர்க்கட்டி போல உள்ளே ஏதோ ஒன்று அடைத்துக்கொண்டிருந்து, சீக்கிரமே செய்தால் பலன் நன்றாக இருக்கும். காரணம் தெரியாதபோதும், வருடக்கணக்கில் தாமதித்தபோதும் உறுதி சொல்ல முடியாது. சர்க்கரையால் இரண்டு காலும் மரத்தவருக்கு 'நரம்பை விடுவிக்கும் ஆபரேஷன்' என்று யாராவது ஆசை காட்டினால் நிதானியுங்கள். அமெரிக்க நரம்பியல் அகாடமி 2006இல் சான்றுகளை அலசி, பலன் நிரூபிக்கப்படவில்லை என்றது. இன்னொரு மருத்துவரையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

அவசரமாக ஓட வேண்டிய சமயங்களும் உண்டு. பாதம் திடீரென்று தொங்கினால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். மாவுக்கட்டோ நாட்டுக்கட்டோ போட்ட பின் வலி ஏறிக்கொண்டே போய், விரல்கள் மரத்து, அசைக்க முடியாவிட்டால், 'கட்டுன்னா அப்படித்தான் இருக்கும்' என்று விடியும்வரை பொறுக்காதீர்கள். உடனே கட்டைப் பிரிக்க வேண்டும். கால் மரப்போடு, சிறுநீர் போவது தெரியாமல்போய், உட்காரும் இடமும் மரத்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இப்படி அவசரம் இல்லாத மற்றவர்கள், வீட்டுக்குப் போனதும் ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு பாதங்களையும் வைத்து வரைந்துகொள்ளுங்கள். எரியும் இடத்துக்குச் சிவப்புப் பேனா, மரத்த இடத்துக்கு நீலம். ஓரத்தில், எந்த நேரம் கூடுகிறது, எந்தக் காலணியில் கூடுகிறது, என்ன செய்தால் குறைகிறது என்று எழுதுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளையும், தினமும் போடும் செருப்பையும் கொண்டுபோங்கள், மருத்துவர் முறைத்துப் பார்த்தாலும் பரவாயில்லை. செருப்பின் அடி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதிலேயே அவருக்கு ஒரு துப்பு இருக்கும். ஆயிரக்கணக்கில் செலவழித்து எடுக்கும் ஸ்கேனுக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று வழிகாட்டப்போவது ஒரு ரூபாய்கூடப் பெறாத அந்தத் தாள்தான்.

மேலே தூக்கிப் போட்ட காலை இன்னும் இறக்காதவர்கள் இறக்கிவிடுங்கள், கேள்விகளுக்கு வருவோம்.